யோகோஹாமாவில் தயாரான ஜப்பான்

1863-ஆம் ஆண்டு, எடோ நகரம். இன்றைய டோக்கியோவுக்கு அப்போது அதுதான் பெயர். டைம்யோ எனப்படும் குறுநிலப் பிரபு ஒருவரின் மாளிகைக்கு எதிரே ஃபெலிச்சே பியாட்டோ என்ற படக்காரர் கேமராவை நிறுத்துகிறார். மாளிகையிலிருந்து இரண்டு அதிகாரிகள் ஓடிவந்து, படம் எடுக்கக் கூடாது என்று தடுக்கிறார்கள். கூட வந்த சுவிட்சர்லாந்து தூதுக்குழுவில் ஒருவர், முதலில் உங்கள் எஜமானிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள் என்று பணிவாகச் சொல்கிறார். அவர்களும் போய்க் கேட்டுவிட்டு வருகிறார்கள். பிரபு கண்டிப்பாக மறுத்துவிட்டார். பியாட்டோ மரியாதையாகத் தலைவணங்கி, கேமராவைத் தூக்கச் சொல்கிறார். அதிகாரிகளுக்குத் திருப்தி. அவர்கள் போய்த் திரும்பிய அந்தச் சில நிமிடங்களில் இரண்டு நெகட்டிவ் எடுத்து முடித்தாகிவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது.

இதை எழுதிவைத்தவர் அந்தத் தூதுக்குழுவின் தலைவர் எமே உம்பேர். பியாட்டோவின் சாமர்த்தியம் என்று ரசித்தே சொல்கிறார். இப்படி எடுத்த படங்கள் இல்லையென்றால் பிரபுக்களின் மாளிகைகள் வரிசையாக நின்ற எடோ எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிந்திருக்காது. அதே சமயம், வேண்டாம் என்று சொன்னவரின் வாசலில் அவருக்குத் தெரியாமல் எடுத்த படம் அது. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பகால ஜப்பான் புகைப்படங்களைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். கிமோனோ அணிந்த பெண், கவசம் பூண்ட சாமுராய், பின்னணியில் ஃபூஜி மலை என்று உலகம் முழுக்க ஜப்பானுக்கென்று ஒரு தோற்றம் பதிந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி, யோகோஹாமா என்ற ஒரே துறைமுக ஊரில், ஏறக்குறைய நாற்பது வருடங்களில், வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்பதற்காகத் தயாரானது.

யோகோஹாமாவுக்கு முன்பும் கேமரா வந்திருந்தது. அமெரிக்கத் தளபதி பெர்ரி 1854-இல் இரண்டாம் முறையாக ஜப்பானுக்குக் கப்பல்களோடு வந்தபோது எலிஃபலட் பிரவுன் என்ற படக்காரரையும் அழைத்து வந்தார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதியும் டாகேரோடைப் படங்களை அவர் நானூறுக்கும் மேல் எடுத்தார். பெரும்பாலானவை பின்னால் அமெரிக்காவில் ஒரு தீ விபத்தில் போய்விட்டன. விரல்விட்டு எண்ணக்கூடிய சில மட்டும், அவற்றைப் பரிசாக வாங்கிக்கொண்ட ஜப்பானிய அதிகாரிகளின் குடும்பங்களில் பிழைத்தன.

மேற்கத்திய நாடுகளோடு 1858-இல் செய்துகொண்ட ஒப்பந்தங்களுக்குப் பிறகு, 1859-இல் யோகோஹாமா, நாகசாகி, ஹகோடாடே ஆகிய துறைமுகங்கள் திறந்தன. ஆனால் கதவு முழுசாகத் திறக்கவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் துறைமுகத்திலிருந்து பத்து ரி, அதாவது சுமார் 40 கிலோமீட்டர் வரைதான் போகலாம். யோகோஹாமாவிலிருந்து எடோ பக்கமாகப் போனால் அந்தத் தூரம்கூட இல்லை, வழியிலிருக்கும் ஆற்றோடு எல்லை முடிந்துவிடும். தூதரகத்துக்காரர்களோடு ஒட்டிக்கொண்டால்தான் எடோவுக்குள் நுழையலாம். பியாட்டோ சுவிஸ் குழுவோடு போனதற்குக் காரணம் இதுதான். காமகுராவின் பெரிய புத்தர் சிலை அந்தக்கால ஆல்பங்களில் ஒன்றுவிடாமல் வருவதும் இதனால்தான். அழகான சிலைதான், மறுக்கவில்லை. ஆனால் கேமராவோடு குதிரையில் போய் வரக்கூடிய எல்லைக்குள் அது இருந்தது. உள்நாட்டு மலைக் கிராமங்களும் வடக்கின் வயல்வெளிகளும் அந்த எல்லைக்குள் இல்லை, எனவே படங்களிலும் இல்லை. கியோட்டோவுக்கே 1872-இல் அங்கே பொருட்காட்சி நடந்தபோதுதான் சாதாரண வெளிநாட்டுக்காரர்களை விட்டார்கள்.

அப்புறம் அந்தக் காலத்துப் படக்கலையே விதித்த எல்லை ஒன்று உண்டு. 1860-களில் எல்லோரும் பயன்படுத்தியது ஈரத்தகடு முறை. ஒரு கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, தகட்டைச் சாய்த்துச் சாய்த்துச் சமமாகப் பரப்ப வேண்டும். பிறகு இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். அந்த ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியும் ஆக வேண்டும். மொத்தமாகக் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். ஆகவே படக்காரர் எங்கே போனாலும் ஓர் இருட்டறைக் கூடாரம், ரசாயனப் புட்டிகள், தண்ணீர், கண்ணாடித் தகடுகள், இவற்றையெல்லாம் சுமக்கக் கூலியாட்கள் என்று ஒரு சிறு ஊர்வலமே கூடப் போகும். ஒளி பதிய சில நொடிகள் ஆகும் என்பதால் அசைகிற எதுவும் மங்கிப்போகும், அல்லது காணாமலே போகும். பியாட்டோவின் தெருப் படங்களில் மனிதர்கள் எல்லோரும் அப்படியே நின்று கேமராவைப் பார்ப்பது இதனால்தான். அவர்கள் நின்றார்கள் என்பதைவிட, நிற்கச் சொல்லி நிறுத்தப்பட்டார்கள் என்பதே சரி. ஸ்டுடியோவுக்குள் என்றால் தலை ஆடாமலிருக்கப் பின்னாலிருந்து ஓர் இரும்புத் தாங்கி பிடித்துக்கொண்டிருக்கும். அன்றைய ஜப்பானியர்களின் முகங்களில் தெரியும் இறுக்கத்தை அந்த மக்களின் இயல்பு என்று பல மேற்கத்தியர்கள் எழுதிவைத்தார்கள். அது பெருமளவு கொலோடியனின் இயல்பு.

பியாட்டோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெனிஸில் பிறந்த இவர் கிரீமியப் போரைப் படம் எடுத்தவர். 1858-இல் இந்தியா வந்து, எழுச்சி நசுக்கப்பட்ட லக்னோவைப் பதிவு செய்தார். சிக்கந்தர் பாக் மாளிகை முற்றத்தில் எலும்புகள் சிதறிக் கிடக்கும் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அங்கே படுகொலை நடந்தது 1857 நவம்பரில், படம் எடுத்தது பல மாதம் கழித்து. படத்துக்காகவே எலும்புகள் அங்கே பரப்பப்பட்டதாகக் கருதப்படுகிறது. அடுத்து 1860-இல் சீனாவில் அபினிப் போர். 1863-இல் யோகோஹாமாவில் வந்து இறங்கியவர் இந்த அனுபவத்தோடு வந்தார். எதைக் காட்டினால் லண்டனில் விலைபோகும், அதற்காகக் காட்சியை எப்படி அமைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த விஷயம். லண்டன் பத்திரிகை ஒன்றின் ஓவியரான சார்லஸ் விர்க்மனோடு கூட்டுச் சேர்ந்து தொழில் நடத்தினார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அவருடைய எடோ அகலப்படத்தையும் சொல்லாமல் போனால் நியாயம் ஆகாது. 1860-களின் நடுவில் அட்டாகோ குன்றின் மேல் நின்று, ஐந்து தகடுகளில் அடுத்தடுத்து எடுத்து ஒட்டியது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஓட்டுக்கூரைகள். முன்புறத்தில் டைம்யோக்களின் வளாகங்களும், அவற்றைச் சுற்றி அவர்களுடைய வீரர்கள் குடியிருந்த நீண்ட வரிசை வீடுகளும், வெள்ளைச் சுவர்களும். ஏறத்தாழ பத்து லட்சம் பேர் வாழ்ந்த நகரம், தெருவில் நடமாட்டமே தெரியாது. சில வருடங்களில், 1868-இல், ஷோகன் எனப்பட்ட ராணுவத் தலைவர்களின் ஆட்சி முடிந்தது. பிரபுக்கள் கிளம்பினார்கள், மாளிகைகள் இடிந்தன, எஞ்சியதில் பெரும்பகுதியை 1923 நிலநடுக்கமும் 1945 குண்டுவீச்சும் கொண்டுபோயின. அழியப்போகிறது என்று யாரும் அறியாத ஒரு தலைநகரத்தை இவ்வளவு துல்லியமாக வைத்திருக்கும் வேறு படம் எனக்குத் தெரிந்து இல்லை.

1866 நவம்பரில் யோகோஹாமாவில் பெரும் தீ பரவியது. பியாட்டோவின் ஸ்டுடியோவும் அதுவரை எடுத்த நெகட்டிவ்களும் எரிந்தன. அவர் மறுபடி ஆரம்பித்து 1868-இல் இரண்டு தொகுதி ஆல்பம் வெளியிட்டார். ஒன்றில் நிலக்காட்சிகள், மற்றதில் மக்களின் வகைகள்: தபால் ஓட்டக்காரன், மீன் வியாபாரி, பச்சை குத்திய குதிரைக்காரன், தலைவாரிக்கொள்ளும் பெண். ஒவ்வொரு படத்துக்கும் எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலத்தில் விளக்கம். காட்சிகள், வழக்கங்கள் என்ற இந்தப் பிரிவினையைப் பின்னால் வந்த அத்தனை ஸ்டுடியோக்களும் அப்படியே பின்பற்றின. அந்த மனிதர்களுக்குப் பெயர் இல்லை. தொழில்தான் தலைப்பு. ஒரு சமூகத்தையே மாதிரிகளின் பட்டியலாக மாற்றிவிடுகிற இந்தப் பழக்கத்தை அதே காலத்தில் இந்தியாவில் எடுக்கப்பட்ட சாதி, இனப் படத் தொகுப்புகளிலும் பார்க்கலாம்.

சரி, வாங்கியது யார்? ஆரம்பத்தில் துறைமுகத்தில் குடியிருந்த வியாபாரிகளும் படைவீரர்களும். 1867-இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் யோகோஹாமாவுக்கும் நேரடி நீராவிக் கப்பல் வந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது, அதே வருடம் அமெரிக்காவின் குறுக்கே ரயில் பாதை முடிந்தது. திடீரென்று, காசுள்ள எவரும் உலகைச் சுற்றி வரலாம் என்றானது. கப்பல் யோகோஹாமாவில் நிற்கும் சில நாட்களில் அவர்கள் ஸ்டுடியோவுக்குப் போய், நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து ஐம்பதோ நூறோ பொறுக்குவார்கள். முத்துச்சிப்பியும் தந்தமும் பதித்த அரக்குப் பூச்சு அட்டைக்குள் அவை ஆல்பமாகிக் கையில் வரும். அந்த அட்டையே ஒரு கைவினைப் பொருள்.

படங்களின் வண்ணம் தனிக் கதை. அன்றைய புகைப்படத் தாள் முட்டை வெள்ளைக்கரு பூசியது. படம் செம்பழுப்பாகத்தான் வரும். அதன் மேல் நீர்வண்ணத்தைக் கையால் தீட்டினார்கள். ஐரோப்பாவிலும் வண்ணம் தீட்டினார்கள்தான், ஆனால் யோகோஹாமாவின் தரம் வேறு. காரணம், மரப்பாள அச்சு ஓவியத்தில் தலைமுறைகளாகப் பழகிய கைகள் அந்த ஊரில் வேலை தேடிக்கொண்டிருந்தன. ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சு, கிமோனோவின் பூவேலைக்கு நுனித் தூரிகை, உதட்டுக்கு ஒரு சொட்டுச் சிவப்பு, விளிம்பில் ஒரு இடத்திலும் வழியாது. பெரிய ஸ்டுடியோக்களில் பல கலைஞர்கள் வரிசையாக உட்கார்ந்து இந்த வேலையைச் செய்தார்கள். அந்த வரிசை வேலையையே ஒரு படமாக எடுத்து விற்ற ஸ்டுடியோக்கள் உண்டு. ஒரே நெகட்டிவிலிருந்து எடுத்த இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒன்றில் கிமோனோ நீலம், மற்றதில் ஊதா. அந்தப் பெண் உண்மையில் உடுத்தியிருந்த நிறம் என்ன என்பதற்குப் படத்தில் சாட்சியம் கிடையாது. தீட்டியவரின் ரசனைக்கு மட்டும் சாட்சியம் உண்டு, அவர் பெயருக்கு அதுவும் இல்லை.

எனவே இவற்றை "வெளிநாட்டுக்காரர்கள் எடுத்த படங்கள்" என்று மட்டும் சொல்வது எனக்குப் போதவில்லை. கூடாரம் சுமந்தவர், மொழிபெயர்த்தவர், தெருவில் கூட்டத்தை அடக்கியவர், வண்ணம் தீட்டியவர், அட்டை செய்தவர் எல்லோரும் ஜப்பானியர்கள். அவர்களில் ஒருவர் பெயர் மட்டும் நிலைத்தது. கோஃபு என்ற ஊரில் 1841-இல் பிறந்த குசகாபே கிம்பே, ஓவியராகும் ஆசையில் யோகோஹாமா வந்து, பியாட்டோவிடம் வண்ணம் தீட்டுபவராகச் சேர்ந்தார். பிறகு ஆஸ்திரியப் பிரபு ரைமுண்ட் வான் ஸ்டில்ஃப்ரீடிடம் வேலை பார்த்தார். 1880-களின் தொடக்கத்தில் சொந்த ஸ்டுடியோ திறந்தார். அவருடைய விற்பனைப் பட்டியலில் இரண்டாயிரத்துக்கும் மேல் படங்கள் இருந்தன.

இதில் ஆராய்ச்சியாளர்களைத் திணற வைக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. பியாட்டோ 1877-இல் தன் சரக்கை ஸ்டில்ஃப்ரீடின் நிறுவனத்துக்கு விற்றார். அந்த நிறுவனத்தின் நெகட்டிவ்கள் பின்னால் கை மாறி, ஒரு பங்கு கிம்பேயிடம் போனது. நிறுவனத்தையே 1885-இல் அடோல்ஃபோ ஃபர்சாரி என்ற இத்தாலியர் வாங்கினார். ஒவ்வொருவரும் பழைய தகடுகளிலிருந்து புதுப் பிரதி எடுத்து, தங்கள் பெயரில் விற்றார்கள். இதனால் 1890-இல் வாங்கிய ஆல்பத்தில் 1860-களின் காட்சி எந்த அறிவிப்பும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். தேதி போட்ட ஆல்பம் கையில் இருக்கிறது என்பதற்காக அந்தத் தேதியை உள்ளே இருக்கும் படங்களுக்கும் கொடுத்துவிட முடியாது. நெகட்டிவின் ஓரத்தில் கீறி எழுதிய எண்ணும் ஆங்கிலத் தலைப்பும், அந்த எழுத்தின் வடிவமும்தான் எந்த ஸ்டுடியோ என்று சொல்கின்றன. ஃபர்சாரிக்கு அந்தப் பழைய சொத்து நீடிக்கவில்லை. 1886-இல் தீப்பிடித்து எல்லா நெகட்டிவ்களும் போக, ஐந்து மாதம் ஜப்பான் முழுக்கச் சுற்றிப் புதிதாக எடுத்துக்கொண்டு வந்து கடையை மறுபடி திறந்தார்.

சாமுராய் படங்களில் இந்தத் தேதிக் குழப்பம் மிகவும் முக்கியமாகிறது. பியாட்டோ 1860-களில் எடுத்த சிலரேனும் நிஜ சாமுராய்கள், நிஜ வாளோடு நிற்பவர்கள். 1871-இல் குடுமியை எடுத்துவிடலாம் என்று அரசாணை வந்தது. 1876-இல் பொது இடத்தில் வாள் அணிவதற்கே தடை. இவற்றுக்குப் பிறகு ஆல்பங்களில் வரும் கவச வீரர்கள் கூலிக்கு வேஷம் கட்டியவர்கள். கவசம் ஸ்டுடியோவின் சாமான். பெண்கள் விஷயத்திலும் இப்படித்தான். அந்தக் காலத்தில் ஒரு குடும்பப் பெண் வெளிநாட்டுக்காரரின் கேமரா முன்னால் உட்காருவது கௌரவக் குறைவு. ஆகவே தேநீர்க் கடைகளிலும் கேளிக்கை விடுதிகளிலும் வேலை பார்த்த பெண்களே பெரும்பாலும் மாடலாக வந்தார்கள். ஒரே பெண் ஒரு படத்தில் வீட்டு மனைவி, அடுத்ததில் ஆடல்பாடல் கலைஞரான கெய்ஷா, இன்னொன்றில் வாத்தியம் பயிலும் மாணவி. காற்றிலும் மழையிலும் குடை சாய்த்து நடக்கும் பெண்ணின் படம் மிகவும் புகழ்பெற்றது. பறக்கும் கிமோனோ விளிம்பு காற்றில்லாத ஸ்டுடியோவில் இழுத்துக் கட்டி நிறுத்தியது. ஏமாற்று என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. மழையில் நடக்கும் பெண் மரப்பாள அச்சு ஓவியங்களில் வெகுகாலமாக வந்த காட்சிதான். ஜப்பானிய ஓவிய மரபு ஒன்று ஸ்டுடியோவுக்குள் நுழைந்து கேமராவை வளைத்திருக்கிறது.

பேரரசர் விஷயத்தில் அரசு சும்மா இருக்கவில்லை. 1872 ஜனவரி முதல் தேதி, பேரரசர் மெய்ஜி யோகோசுகா கப்பல் கட்டும் தளத்துக்கு வந்தபோது, ஸ்டில்ஃப்ரீட் மறைந்திருந்து அவரையும் பரிவாரத்தையும் படம் எடுத்து, விற்கப்போவதாக அறிவித்தார். மக்கள் கண்ணில் படாத பேரரசர் என்பது அதுவரை இருந்த மரபு. அரசு தலையிட்டு விற்பனையை நிறுத்தி நெகட்டிவைக் கைப்பற்றியது. அதே வருடம் உச்சிடா குயிச்சி என்ற ஜப்பானியப் படக்காரரை அழைத்து அதிகாரபூர்வமான உருவப்படம் எடுக்கவைத்தது. 1873-இல் எடுத்த படத்தில் பேரரசர் மேற்கத்திய ராணுவச் சீருடையில், நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். தன்னை எப்படிக் காட்டிக்கொள்வது என்பதைத் தானே முடிவு செய்ய ஜப்பான் அரசுக்கு அந்தச் சம்பவத்திலிருந்து அதிக நாள் ஆகவில்லை.

சாதாரண ஜப்பானியர்கள் அதற்கும் முன்பே முடிவு செய்திருந்தார்கள். 1862-லேயே நாகசாகியில் உவேனோ ஹிகோமாவும் யோகோஹாமாவில் ஷிமோஓகா ரென்ஜோவும் ஸ்டுடியோ திறந்துவிட்டார்கள். ஹிகோமா டச்சுக்காரர்களிடம் வேதியியல் படித்தவர். சுவிஸ் படக்காரர் பியேர் ரோசியேயிடம் படக்கலை கற்றவர். கடையில் கிடைக்காத ரசாயனங்களைத் தானே தயாரித்தார். அம்மோனியாவுக்காக மாட்டெலும்பைப் புதைத்துவைத்து, நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்ததாகச் சொல்வார்கள். அவருடைய ஸ்டுடியோவில் எடுத்ததுதான் புரட்சியாளர் சகமோட்டோ ரியோமாவின் புகழ்பெற்ற படம். பாரம்பரிய உடையில், ஓர் உயர்ந்த பீடத்தில் சாய்ந்து நிற்கிறார். காலைப் பாருங்கள்: மேற்கத்திய பூட்ஸ். தன்னை அவர் அப்படித்தான் உலகத்துக்குக் காட்ட விரும்பினார். யோகோஹாமா ஆல்பம் விற்ற ஸ்டுடியோவாக இருந்தால் முதலில் அந்த பூட்ஸைத்தான் கழற்றச் சொல்லியிருக்கும்.

ஏனென்றால் ஆல்பம் வாங்கியவர்கள் தேடியது மாறாத ஜப்பானை. வெளியே ஜப்பான் தலைதெறிக்க மாறிக்கொண்டிருந்தது. 1872-இல் டோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் ரயில் ஓடியது. யோகோஹாமாவில் எரிவாயு விளக்கு வந்தது. வாடிக்கையாளர் வந்து இறங்கியதே அந்த நவீன ஜப்பானில்தான். ஆல்பத்தில் அவருக்கு வேண்டியிருந்தது பல்லக்கும் ரிக்‌ஷாவும். ஆனாலும் தெருவில் எடுத்த படத்தில் எல்லாவற்றையும் மறைத்துவிட முடியாது. 1880-களின் கடைவீதிப் படங்களில் துணிப் பதாகைகளுக்கு மேலே தந்திக் கம்பங்கள் நிற்கின்றன. கிமோனோக்காரர்களின் தலையில் ஐரோப்பியத் தொப்பி இருக்கிறது. படக்காரர் காட்ட நினைத்ததை விட்டுவிட்டு இந்த ஓரங்களைப் பார்க்கும்போது அந்தப் படங்கள் இன்னும் நிறையச் சொல்கின்றன.

இந்த வியாபாரம் ஓய்ந்ததற்குக் காரணங்கள் எளியவை. 1888-இல் கோடக் கேமரா வந்து, பயணிகள் தாங்களே படம் எடுத்தார்கள். 1899-இல் புதிய ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன, உள்நாட்டில் பயணிக்கத் தனி அனுமதி வேண்டியதில்லை என்றானது. 1900-இல் தனியார் பட அஞ்சலட்டைக்கு அனுமதி கிடைத்தது, அதன் விலைக்கு முன்னால் அரக்கு ஆல்பம் எப்படி நிற்கும்? பியாட்டோ அதற்கு முன்பே 1884-இல் சந்தைச் சூதில் பணத்தை இழந்து ஜப்பானை விட்டுப் போய், பர்மாவில் மறுபடி தொழில் நடத்தி, 1909-இல் ஃபிளாரன்ஸில் இறந்தார்.

ஆல்பங்கள் ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளின் பரண்களில் பல காலம் கிடந்தன. 1923-இல் யோகோஹாமா நிலநடுக்கத்தில் தரைமட்டமானதால் ஊரிலேயே இருந்தவை பெரும்பாலும் அழிந்தன. வெளியே விற்றுப்போனவை பிழைத்தன. கடந்த சில பத்தாண்டுகளாக ஜப்பானிய நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் அவற்றைத் தேடி விலைகொடுத்து வாங்கித் திரும்பக் கொண்டுவருகின்றன. நாகசாகிப் பல்கலைக்கழக நூலகம் ஆயிரக்கணக்கான பழைய படங்களை இணையத்தில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. உள்ளூர்க்காரர்களும் வரலாற்று ஆய்வாளர்களும் மலைமுகட்டின் வடிவத்தையும் கல்சுவரையும் கோவில் கூரையையும் ஒப்பிட்டு, எந்தத் தெரு, எந்த வருடம் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கிறார்கள். ஆங்கிலத் தலைப்பில் தவறாக எழுதிய இடப்பெயர்கள் பல இப்படித்தான் திருத்தப்பட்டு வருகின்றன.